நடுவர் இல்லாத உடன்பாடு

வீட்டிற்கு ஒரு கணினி என்றிருந்த காலத்தில், "என் கட்டுரை எங்கே இருக்கிறது?" என்னும் வினாவிற்கு ஒரே விடைதான் இருந்தது. கட்டுரை அந்தக் கணினியில் இருந்தது, வேறெங்கும் இல்லை. இன்றோ ஒருவரிடமே மேசைக் கணினி ஒன்று, மடிக்கணினி ஒன்று, கைப்பேசி ஒன்று என மூன்று கருவிகள் உள்ளன. காலையில் மேசைக் கணினியில் தொடங்கிய கட்டுரையைப் பேருந்தில் செல்லும்போது கைப்பேசியில் திருத்தவும், இரவில் மடிக்கணினியில் முடிக்கவும் நாம் விரும்புகிறோம். அதற்கு மூன்று கருவிகளிலும் அக்கட்டுரை ஒரே நிலையில் இருத்தல் வேண்டும். இவ்வாறு பல கருவிகளில் உள்ள கோப்புகளை ஒரே நிலையில் வைத்திருத்தலையே ஒத்திசைவு என்கிறோம்.

ஒத்திசைவிற்கு இரு வழிகள் உண்டு. முதல் வழி யாவரும் அறிந்தது. நிறுவனம் ஒன்று தொலைவில் பெருங்கணினிகளை வைத்து நடத்துகிறது. அவற்றை வழங்கி என்பர். நம் கருவிகள் எல்லாம் தத்தம் கோப்புகளை அந்த வழங்கிக்கு அனுப்பி, அதனிடமிருந்தே திரும்பப் பெறுகின்றன. 2008ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட டிராப்பாக்ஸ் இவ்வகையைச் சேர்ந்தது. இவ்வழி எளிது, ஏனெனில் கருவிகளுக்குள் கருத்து வேறுபாடு தோன்றினால் வழங்கியின் சொல்லே முடிந்த முடிபு. ஆனால், நம் கோப்பின் படி ஒன்று பிறர் இடத்தில் என்றும் தங்கிவிடுகிறது. மேலும், ஒரே மேசையின்மேல் அருகருகே இருக்கும் இரு கருவிகள் ஒரு படத்தைப் பகிர்ந்துகொள்வதற்கும், அப்படம் கடல் கடந்து சென்று மீள நேரிடலாம்.

இரண்டாம் வழியில் வழங்கி இல்லை. கருவிகள் ஒன்றோடொன்று நேரே பேசிக்கொள்கின்றன. அவற்றுள் தலைமை உடையதும் இல்லை, தாழ்ந்ததும் இல்லை. ஒவ்வொன்றும் கொடுக்கும், ஒவ்வொன்றும் கொள்ளும். ஆதலின் இதனை இணைக்கு இணை முறை என்பர். பெருங்கோப்பு ஒன்றைத் துண்டு துண்டாகப் பலரிடமிருந்து ஒரே வேளையில் பெறும் முறையைப் பிராம் கோஹன் என்னும் அமெரிக்கர் 2001ஆம் ஆண்டில் பிட்டாரண்ட் என்னும் பெயரால் வெளியிட்டார். ஒருவருடைய சொந்தக் கருவிகளுக்கிடையே இத்தகைய பகிர்வை நிகழ்த்தும் சிங்திங் என்னும் நிரலை 2013ஆம் ஆண்டில் ஜேக்கப் போர்க் என்னும் சுவீடன் நாட்டு நிரலாளர் வெளியிட்டார். அதன் மூல நிரல் யாவரும் படிக்கக்கூடியவாறு திறந்தே வைக்கப்பட்டுள்ளது. அதனையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, நடுவர் இல்லாமல் கருவிகள் எங்ஙனம் உடன்படுகின்றன என்பதை இனிக் காண்போம்.

முதலாவது, கருவிகள் ஒன்றையொன்று அறிதல் வேண்டும். நிரலை முதன்முறை இயக்கும்போதே ஒவ்வொரு கருவியும் தனக்கென ஒரு மறைதிறவியையும் அதனோடு பொருந்தும் ஒரு சான்றிதழையும் ஆக்கிக்கொள்கிறது. அச்சான்றிதழிலிருந்து கணக்கிட்டுப் பெறும் 56 எழுத்துகளே அக்கருவியின் அடையாளம். எட்டுக் கூறுகள், கூறு ஒன்றுக்கு ஏழு எழுத்துகள். அவற்றுள் சில, பிழையைக் கண்டுபிடிப்பதற்காகவே சேர்க்கப்பட்டவை. ஓர் எழுத்தைத் தவறாக எழுதிவிட்டால், அடையாளம் பிழையானது என்று நிரலே சொல்லிவிடும். கைப்பேசியின் அடையாளத்தைக் கணினியிலும், கணினியின் அடையாளத்தைக் கைப்பேசியிலும் நாம் பதிந்த பின்னரே அவை பேசத் தொடங்கும். ஒருபுறம் மட்டும் இசைந்தால் போதாது. பேசும் பேச்சும் மறைமொழியில் நிகழ்வதால், இடையில் இருப்பவர் அதனைப் படித்தறிய இயலாது.

அறிமுகம் ஆன கருவிகள் ஒன்றையொன்று தேடிக் காணவும் வேண்டும். ஒரே வீட்டிற்குள் இருப்பின் இது மிக எளிது. ஒவ்வொரு கருவியும் சிறிது நேரத்திற்கு ஒருமுறை, "நான் இங்கே இருக்கிறேன்" என்று அவ்வீட்டு வலையமைப்பிற்குள் அறிவிக்கிறது. ஒன்று வீட்டிலும் மற்றொன்று வெளியூரிலும் இருந்தால்தான் இடர்ப்பாடு. கைப்பேசியின் இணைய முகவரி ஊருக்கு ஊர் மாறும். அதற்கென முகவரி ஏடு போன்ற வழங்கிகள் சில இணையத்தில் உள்ளன. கருவிகள் தம் இப்போதைய முகவரியை அவற்றில் எழுதிவைக்கின்றன; தேடும் கருவி அங்கே கேட்டு அறிகிறது. நேர்வழி முற்றிலும் அடைபட்டிருந்தால், இடைக் கணினி ஒன்று செய்தியை வாங்கி மறுபுறம் தள்ளிவிடும். ஆகவே வழங்கி என்பதே அறவே இல்லை என்று சொல்வது சிறிது மிகையே. எனினும் முகவரி ஏடு கோப்பினைக் காண்பதில்லை. இடைக் கணினியோ மறைமொழியை மட்டுமே காண்கிறது. கோப்பு அவ்விரண்டிலும் தங்குவதில்லை.

சந்தித்த கருவிகள் அடுத்துச் செய்வது ஒப்பிடுதல். ஆயிரம் கோப்புகளை முழுமையாக அனுப்பி ஒப்பிட்டுப் பார்ப்பது மடமை. எனவே ஒவ்வொரு கோப்பும் சிறு துண்டுகளாகப் பகுக்கப்படுகிறது. 100 மெகாபைட் அளவுள்ள ஒரு கோப்பினை 128 கிலோபைட் அளவுள்ள துண்டுகளாகப் பகுத்தால், 800 துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொரு துண்டிற்கும் ஒரு முத்திரை எண் கணக்கிடப்படுகிறது. இதனை ஹேஷ் என்பர். துண்டு பெரிதாயினும் சிறிதாயினும் முத்திரை எண்ணின் நீளம் மாறுவதில்லை; அஃது 256 இரும இலக்கங்கள் கொண்டது. துண்டில் ஓர் எழுத்தை மாற்றினாலும் முத்திரை எண் அடையாளம் தெரியாதவாறு மாறிவிடும். வெவ்வேறான இரு துண்டுகளுக்கு ஒரே முத்திரை எண் அமைதல் நடைமுறையில் நிகழாது என்றே கொள்ளலாம்.

கருவிகள் கோப்புகளை அனுப்புமுன் இம்முத்திரை எண்களின் பட்டியலையே பரிமாறிக்கொள்கின்றன. 800 துண்டுகளுள் 799 ஒத்திருந்து ஒன்று மட்டும் வேறுபட்டிருந்தால், அந்த ஒன்றை மட்டும் கேட்டுப் பெற்றால் போதும். 100 மெகாபைட் செல்ல வேண்டிய வழியில் 128 கிலோபைட் சென்று வேலை முடிகிறது. வேண்டிய துண்டுகள் இரு கருவிகளில் இருந்தால், சிலவற்றை ஒன்றிலிருந்தும் சிலவற்றை மற்றொன்றிலிருந்தும் பெறலாம். வந்த துண்டுகள் உடனே பழைய கோப்பின்மேல் எழுதப்படுவதில்லை. அவை தற்காலிகக் கோப்பு ஒன்றில் சேர்க்கப்பட்டு, முத்திரை எண் சரிபார்க்கப்பட்ட பின்னரே பழையதன் இடத்தில் வைக்கப்படுகின்றன. நடுவில் மின்சாரம் நின்றாலும், பாதி பழையதும் பாதி புதியதுமாகக் கோப்பு சிதையாமல் இருப்பது இதனால்தான்.

இம்முறையில் ஒரு குறை உண்டு. கோப்பின் தொடக்கத்தில் ஒரே ஓர் எழுத்தைப் புதிதாகச் செருகினால், பின்னுள்ளவை அனைத்தும் ஓரிடம் தள்ளிப்போகும். துண்டுகளின் எல்லைகள் எல்லாம் பிறழும். முத்திரை எண் ஒன்றும் பொருந்தாது. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் என்னும் இருவரும் 1996ஆம் ஆண்டில் இதற்கு அழகியதொரு தீர்வு கண்டனர். ஆர்சிங்க் என்பது அவர்கள் நிரலின் பெயர். துண்டின் அளவுள்ள ஒரு சட்டத்தைக் கோப்பின்மேல் ஒவ்வோர் எழுத்தாக நகர்த்திக்கொண்டே செல்லுதல். சட்டத்தைவிட்டு வெளியேறும் எழுத்தைக் கழித்து, உள்ளே நுழையும் எழுத்தைக் கூட்டி, கணக்கினை விரைவாகப் புதுப்பித்தல். இங்ஙனம் செய்தால், தள்ளிப்போன துண்டும் தன் புதிய இடத்தில் அகப்பட்டுவிடும். நம் பள்ளிக் கட்டுரை போன்ற சிறு கோப்பிற்கு இவையெல்லாம் வேண்டா. அது முழுவதும் ஒரே துண்டில் அடங்கிவிடும்.

இனி, இக்கலையின் மிகக் கடினமான பகுதிக்கு வருவோம். இரு கருவிகளில் ஒரே கோப்பு வேறுபட்டிருக்கிறது எனக் கண்டாயிற்று. எது புதியது? எதனை வைத்துக்கொண்டு எதனை விடுவது?

"கடிகாரத்தைப் பார்த்தால் தெரியாதோ?" என்று கேட்கத் தோன்றும். பின்னர் எழுதப்பட்டதே புதியது என்பது இயல்பான எண்ணம். ஆனால், கடிகாரங்கள் பொய் சொல்லும். ஒரு கருவியின் கடிகாரம் பத்து நிமிடம் முந்தியிருக்கலாம். மின்கலம் தீர்ந்து எழுந்த பழைய கணினி, தான் பல ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தில் இருப்பதாகக் கருதலாம். கடிகாரங்கள் எல்லாம் செம்மையாக ஓடினாலும் இடர் தீராது. நான் காலை 10 மணிக்குக் கைப்பேசியில் முதற்பத்தியைத் திருத்தினேன். 11 மணிக்கு அத்திருத்தம் வந்துசேராத மடிக்கணினியில் கடைசிப் பத்தியைத் திருத்தினேன் என்று கொள்வோம். பிந்தியதே வெல்லும் என்றால், என் முதற்பத்தித் திருத்தம் ஓசையின்றி மறைந்துவிடும். பிந்தியது என்பது வேறு; முந்தியதை அறிந்து பிந்தியது என்பது வேறு. பரவலாக அமைந்த கணினிகளில் நிகழ்ச்சிகளின் முறைவைப்பைக் கடிகாரத்தால் அன்றி, எது எதனை அறிந்து நிகழ்ந்தது என்பதனால் கொள்ள வேண்டும் என்பதை லெஸ்லி லாம்போர்ட் என்னும் அறிஞர் 1978ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையால் விளக்கினார். அக்கருத்தின் வழியில் பின்வந்தோர் கோப்புகளுக்கெனப் பதிப்புக் கணக்கு என்னும் முறையை வகுத்தனர்.

அக்கணக்கு மிக எளியது. ஒவ்வொரு கோப்போடும் மூன்று எண்கள் ஒட்டியுள்ளன எனக் கொள்வோம்: மேசைக் கணினிக்கு ஒன்று, கைப்பேசிக்கு ஒன்று, மடிக்கணினிக்கு ஒன்று. எந்தக் கருவியில் கோப்பு திருத்தப்படுகிறதோ, அந்தக் கருவிக்குரிய எண் மட்டும் கூடும். மேசைக் கணினியில் கட்டுரையை எழுதினோம்: கணக்கு 1, 0, 0. அது மூன்று கருவிகளுக்கும் சென்று சேர்ந்தது. பின்னர்ப் பேருந்தில் கைப்பேசியில் திருத்தினோம்: கைப்பேசியின் கணக்கு 1, 1, 0 ஆயிற்று. அப்போது மடிக்கணினி உறங்கிக்கொண்டிருந்தது. அதனிடம் இன்னும் 1, 0, 0 தான். இரவில் அவை சந்திக்கின்றன. கைப்பேசியின் எண்களுள் ஒன்றேனும் மடிக்கணினியின் எண்ணுக்குக் குறைந்ததாக இல்லை, ஒன்று மிகுந்துள்ளது. ஆதலின் கைப்பேசியின் பதிப்பு, மடிக்கணினியின் பதிப்பை அறிந்து அதன்மேல் எழுந்தது என்பது உறுதி. மடிக்கணினி தயக்கமின்றி அதனை ஏற்கிறது. கடிகாரம் எதுவும் வேண்டப்படவில்லை.

மடிக்கணினியும் இணைப்பின்றித் திருத்தப்பட்டிருந்தால் என்னாகும்? அதன் கணக்கு 1, 0, 1 ஆகும். கைப்பேசியினது 1, 1, 0. இரண்டாம் எண்ணில் கைப்பேசி மிகுகிறது. மூன்றாம் எண்ணில் மடிக்கணினி மிகுகிறது. ஒன்று மற்றொன்றை அறியாமல் எழுந்தது என்பதை இவ்வெண்கள் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. இதனை முரண் என்பர். இங்கே நிரல் செய்வது பெரிதும் பாராட்டத்தக்கது என்பது என் கருத்து. தீர்ப்புச் சொல்லும் அறிவு தனக்கு இல்லை என்று அது ஒப்புக்கொள்கிறது. ஒரு பதிப்பைப் பழைய பெயரிலேயே வைத்து, மற்றொன்றிற்கு முரண்படி என்பதைக் காட்டும் பெயரும் நாளும் நேரமும் சேர்த்து அருகிலேயே வைக்கிறது. எதுவும் அழிவதில்லை. ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்கள் பாட வேறுபாட்டை அடிக்குறிப்பில் காட்டிப் படிப்போரிடம் விட்டது போன்றதே இது. பின்னர் நாம் மேசைக் கணினியில் அமர்ந்து, இரண்டையும் படித்து, ஒன்றாக்கி எழுதினால் கணக்கு 2, 1, 1 ஆகும். இஃது இரண்டினையும் தன்னுள் கொண்டது. ஆதலின் எல்லாக் கருவிகளும் இதனை ஏற்கும்.

திருத்தத்தைவிட நுட்பமானது அழித்தல். கைப்பேசியில் ஒரு கோப்பை அழித்தோம். மடிக்கணினியில் அது இருக்கிறது. இரண்டும் சந்திக்கும்போது, "உன்னிடம் இல்லாத கோப்பு என்னிடம் உள்ளது, இந்தா" என்று மடிக்கணினி அதனைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், எந்தக் கோப்பையும் என்றைக்கும் அழிக்க முடியாது. இல்லாமைக்குப் பொருள் இரண்டு: இன்னும் வந்துசேரவில்லை என்பது ஒன்று, வந்து, பின் அழிக்கப்பட்டது என்பது மற்றொன்று. வெறும் இல்லாமையைப் பார்த்து இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது. எனவே கோப்பு போன பின்னும் அதன் பெயரும், பதிப்புக் கணக்கும், அழிக்கப்பட்டது என்னும் குறிப்பும் கருவியில் நெடுநாள் தங்குகின்றன. இக்குறிப்பை ஆங்கிலத்தார் கல்லறைக் கல் என்று பொருள்படும் சொல்லால் வழங்குவர். அழித்தலும் ஒரு திருத்தமே. அதுவும் மற்றத் திருத்தங்களைப் போலவே கருவிதோறும் பரவும்.

இதனை நான் நூலில் படித்து அறிந்திருந்தும், ஒருமுறை மறந்தேன். என் தந்தையார் தம் கைப்பட எழுதிய நாட்குறிப்பு ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. செல்லரித்து உதிரத் தொடங்கியிருந்த அதன் 140 பக்கங்களையும் கைப்பேசியால் படம் எடுத்தேன். படங்கள் மேசைக் கணினிக்கும் மடிக்கணினிக்கும் சென்று சேர்ந்ததைக் கண்ணால் கண்டேன். மூன்று படிகள் இருக்கின்றன என்று மகிழ்ந்தேன். சில திங்கள் கழித்துக் கைப்பேசியில் இடம் போதவில்லை. "இவைதாம் கணினியில் இருக்கின்றனவே" என்று எண்ணி, கைப்பேசியிலிருந்த படங்களை அழித்தேன். மாலையில் மேசைக் கணினியைத் திறந்தபோது கோப்புறை வெறுமையாக இருந்தது. கருவி பிழை செய்யவில்லை. மூன்றையும் ஒரே நிலையில் வை என்று நான் கட்டளையிட்டிருந்தேன்; அது வைத்தது. அழித்தவற்றின் பழைய படிகளைத் தனியே காத்துவைக்கும் ஏற்பாடு அந்நிரலில் உண்டு. அதனை நாமே அமைத்தல் வேண்டும். நான் அமைத்திருக்கவில்லை. நான் மூன்று படிகள் என எண்ணியது உண்மையில் ஒரே படி. அது மூன்று இடங்களில் தெரிந்தது.

அப்போதுதான் மடிக்கணினியின் நினைவு வந்தது. இரண்டு நாளாக அது பையினுள் உறங்கிக்கொண்டிருந்தது. இணைக்கு இணை முறையின் குறைகளுள் ஒன்று, இரு கருவிகளும் ஒரே வேளையில் விழித்திருந்தால்தான் செய்தி பரவும் என்பது. வழங்கி இருந்தால் அது இரவும் பகலும் விழித்திருந்து, வருவோருக்கெல்லாம் செய்தியைச் சொல்லும். இங்கே அவ்வாறு இல்லை. இக்குறைக்காகவே சிலர் பழைய கணினி ஒன்றை வீட்டு மூலையில் எப்போதும் இயங்கவிடுவர். அன்று எனக்கு அக்குறையே நன்மையாயிற்று. அழித்தற் செய்தி மடிக்கணினிக்கு எட்டியிருக்கவில்லை. ஆனால், அதனை வழக்கம்போல் திறந்தால் வீட்டு வலையமைப்பில் சேர்ந்து, மேசைக் கணினியைச் சந்தித்து, குறிப்பைப் படித்து, சில நொடிகளில் தன் படியையும் அழித்துவிடும்.

முதலில் வீட்டின் இணையப் பெட்டியின் மின்தொடர்பைப் பிடுங்கினேன். பின்னர் மடிக்கணினியைத் திறந்தேன். 140 படங்களும் இருந்தன. அவற்றைப் பென் டிரைவ் ஒன்றில் படியெடுத்து, படியெடுத்தவற்றுள் சிலவற்றைத் திறந்து பார்த்து, அதனைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். அதன் பின்னரே இணையப் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தேன். மடிக்கணினி மேசைக் கணினியைக் கண்டுகொண்டது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பகிர்வுக் கோப்புறையிலிருந்த படங்கள் ஒவ்வொன்றாக மறைந்து, கோப்புறை வெறுமையாயிற்று. மேசைமேல் இருந்த பென் டிரைவை எடுத்து, எந்தக் கருவியோடும் ஒத்திசையாத வேறொரு கோப்புறைக்கு அப்படங்களை அன்றிரவே மாற்றினேன்.